பேனா கிட்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது அறுபத்தைந்து. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஏதோ ஒரு சிறு ஊர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு சின்ன லேத் மெஷின். புயலில் சாய்ந்த வால்நட் மரத்தின் கிளை ஒன்றை மூன்று வருடம் நிழலில் காயப்போட்டு, அறுத்து, துளை போட்டு, கடைந்து, உப்புத்தாள் தேய்த்து, பேத்தியின் பட்டமளிப்புக்கு ஒரு பேனா செய்து கொடுக்கிறார். பேத்தி நெகிழ்ந்துபோகிறாள். எட்டு மாதம் போகிறது. கிளிப்பில் பொன்னிறம் போய் அடியில் வெள்ளையாய் ஏதோ எட்டிப் பார்க்கிறது. திருகினால் முனை வெளியே வருகிறது, எழுதும்போது மெல்ல உள்ளே போய்விடுகிறது. பேத்தி இதைத் தாத்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும் என்று மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டாள்.

அந்த வால்நட் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஐம்பது வருடம் அப்படியே இருக்கும். கெட்டுப்போனவை தாத்தா செய்யாத பாகங்கள். ஆனால் பேத்தியின் மனசில் அது 'தாத்தா செய்த பேனா'. கெட்டுப்போனதும் தாத்தா செய்த பேனாதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்!

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மரக்கடைசல் என்பது மேலை நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. கிண்ணம், விளக்குத் தண்டு எல்லாம் கடைவார்கள். அதில் பேனா கடைதல் ஒரு தனிக் கிளை. சின்ன மரத்துண்டு போதும், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், யாருக்கு வேண்டுமானாலும் பரிசாகக் கொடுக்கலாம். ஆனால் மரத்தைக் கடைந்தால் மட்டும் பேனா வந்துவிடாதே? முனை, கிளிப், நடுவளையம், ரீஃபிலை முன்னும் பின்னும் தள்ளும் திருகு பாகம், உள்ளே போகும் பித்தளைக் குழாய்கள், ரீஃபில் எல்லாம் வேண்டும். இத்தனையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கிறார்கள். அதுதான் 'பேனா கிட்'. மரத்தில் துளை போட்டு, பித்தளைக் குழாயைப் பசை வைத்துச் செருகி, லேத்தில் மாட்டி மேல்பக்கம் கடைந்து, மெருகேற்றி, கடைசியில் மற்ற பாகங்களை இரண்டு முனையிலும் அழுத்தி இறுக்கினால் பேனா தயார். பெரும்பாலான கிட்கள் தைவானிலும் சீனாவிலும் தயாராகி, அமெரிக்க, பிரிட்டிஷ் கடைகள் வழியாக விற்பனையாகின்றன.

இந்தக் கிட்களில் ஆரம்பப் பாடம் 'ஸ்லிம்லைன்'. 7 மில்லிமீட்டர் துளை, இரண்டு குழாய், கிராஸ் கம்பெனி பாணி மெல்லிய ரீஃபில். விலை மூன்று நான்கு டாலர். பேனா கடையும் எவரும் முதலில் செய்வது அநேகமாக இதைத்தான். முதலில் ஏமாறுவதும் இதில்தான்.

முதல் குற்றச்சாட்டு முலாம் பற்றியது.

நம்மூரில் கவரிங் நகை வாங்கப் போகிறவர் எவரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாசம் கேரண்டி?" என்பதுதான். சிதம்பரம் கவரிங் விற்கும் சாதாரணக் கடைக்காரர்கூட ஆறு மாசம், ஒரு வருஷம் என்று ஏதோ ஒன்று சொல்லிவிட்டுத்தான் விற்பார். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும், இது தங்கமல்ல, ஒருநாள் கறுக்கும் என்று. அந்த நேர்மை பேனா கிட் பட்டியல்களில் கிடையாது. '24 கேரட் தங்கம்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். கேரட் என்பது தங்கத்தின் சுத்தத்தைச் சொல்லும் அளவு. அது எவ்வளவு கனத்துக்குப் பூசப்பட்டிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது! 24 கேரட் சொக்கத் தங்கம் என்பதே மிக மிருதுவான உலோகம். நகைக்கே செம்பு கலந்துதானே செய்கிறோம்? விரல் படும் இடத்தில், சட்டைப் பையில் உரசும் இடத்தில், சொக்கத் தங்கத்தை மெல்லிசாகப் பூசினால் அது எத்தனை நாள் நிற்கும்?

எவ்வளவு மெல்லிசு? அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நகைத் தொழிலுக்கு வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. 2018-ல் அவை திருத்தப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்த நெறிகளின் எல்லைக்குள் பேனா, பென்சிலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதன்படி மின்முலாம் பூசிய தங்கம் என்று சொல்லிக்கொள்ள குறைந்தபட்சம் 0.175 மைக்ரான் கனம் வேண்டும். 'கனமான' மின்முலாம் என்று சொல்ல 2.5 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்தால், 0.175 மைக்ரான் என்பது முடியில் நானூறில் ஒரு பங்கு! ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளிப், மூடி, வளையம், முனை எல்லாம் சேர்த்து ஐந்து சதுர சென்டிமீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால், அந்தக் கனத்தில் பூச வேண்டிய தங்கம் 1.7 மில்லிகிராம்தான். ஒரு பேனாவுக்கு இரண்டு மில்லிகிராம்கூட இல்லை. இந்த 1.7 மில்லிகிராமுக்குத்தான் '24 கேரட்' என்று இத்தனை பெரிய எழுத்து.

சரி, 0.175 பூசியிருக்கிறார்களா, 0.5 பூசியிருக்கிறார்களா, 2.5 பூசியிருக்கிறார்களா? பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். துளை அளவு இருக்கும், புஷ் எண் இருக்கும், வண்ணப்படம் இருக்கும். மைக்ரான் கணக்கைக் காண்பது அபூர்வம். எண் இருக்க வேண்டிய இடத்தில் 'நீடித்த', 'உயர்தர', 'பிரீமியம்' மாதிரி அடைமொழிகள் இருக்கும்.

முலாம் மெல்லிசாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு நீர் அந்தத் துளை வழியே உள்ளே போய் அடியில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். அடியில் இருப்பது சில பாகங்களில் பித்தளை, சிலவற்றில் துத்தநாகக் கலவை வார்ப்பு. எது பித்தளை, எது வார்ப்பு என்பதும் பையின்மேல் எழுதியிருக்காது. சிலருடைய வியர்வை மற்றவர்களுடையதைவிட முலாமை வேகமாக அரிக்கும். அப்படிப்பட்ட ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால் ஒரே கோடைகாலத்தில் கதை முடிந்துவிடும். அதற்கும் கடைந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 'டைட்டானியம் கோல்டு' என்று விற்கிறார்களே, அதில் பொன்னிறம் தருவது டைட்டானியம் நைட்ரைடு என்ற சேர்மம். வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் முறையில் பூசுவது. தங்கத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் கடினம். பொன்னிறமாக மின்னும் டிரில் பிட்களைப் பார்த்திருப்பீர்கள், அதே பூச்சுதான். (பேனாவுக்குத் துளை போடும் டிரில் பிட்டுக்கு நல்ல பூச்சு, அந்தத் துளையில் போகும் பேனாவுக்கு மட்டமான பூச்சு என்றால் என்ன நியாயம்?) குரோம் இருக்கிறது, விலையும் குறைவு, உழைப்பும் அதிகம். ரோடியம் இருக்கிறது, விலை கூடுதல், கறுக்காது. ஆக, நல்ல பூச்சு எது என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் புதிதாக வருகிறவர்கள் வாங்கும் 'ஆரம்பக்காரர் தொகுப்பு'களில் பத்து ஸ்லிம்லைன், பத்தும் மஞ்சள் முலாம் என்று கட்டி விற்கிறார்கள். ஆரம்பக்காரர் செய்யும் முதல் பத்துப் பேனாவும் யாருக்குப் போகும்? அம்மாவுக்கு, மனைவிக்கு, நெருங்கின நண்பனுக்கு. மனுஷனுக்கு மிகவும் வேண்டப்பட்டவர்கள் கையில்தான் மிக மட்டமான முலாம் போய்ச் சேர்கிறது.

அடுத்தது திருகு பாகம். முலாம் போனாலும் பேனா எழுதும். இது போனால் பேனாவே இல்லை.

ஸ்லிம்லைன் பேனாவில் கீழ்க்குழாயின் ஒரு முனையில் எழுதும் முனையை அழுத்துவார்கள், மறு முனையில் திருகு பாகத்தை அழுத்துவார்கள். மரை கிடையாது, திருகாணி கிடையாது, வெறும் அழுத்தம்தான். எவ்வளவு ஆழத்துக்கு அழுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் அதிகம் போனால், உள்ளே இழுத்த நிலையிலும் ரீஃபில் முனை வெளியே நீட்டிக்கொண்டு சட்டைப் பையில் மை பூசும். குறைவாகப் போனால் எழுத முனை போதாது. இதற்குத் திருகு பாகத்தின்மேல் ஒரு அடையாளப் பள்ளம் இருக்கும், அதுவரை அழுத்துங்கள் என்று குறிப்பில் போட்டிருப்பார்கள். ஆனால் மரத்தை நீங்கள் ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவியிருந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். அனுபவசாலிகள் பள்ளத்தை நம்புவதில்லை, ரீஃபிலைப் போட்டுப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார்கள்.

அதுகூடப் போகட்டும், கைப்பழக்கம். மேல்பாதி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். திருகு பாகத்தின் வெளி நீட்டத்தின்மேல் மேல்குழாயைச் சும்மா செருகுவார்கள், உராய்வில் நிற்கும். ரீஃபில் தீர்ந்தால் மேல்பாதியைப் பிடித்து உருவித்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை உருவும்போதும் அந்தப் பிடிப்பு கொஞ்சம் தளரும். ஆக, இந்தப் பேனாவை அதிகம் பயன்படுத்துகிறவர், அதாவது பேனாவை உண்மையிலேயே நேசித்து ரீஃபில் மாற்றி மாற்றி எழுதுகிறவர், மற்றவர்களுக்கு முன்னால் அதை இழப்பார். கொஞ்ச நாளில் மேல்பாதி மட்டும் சுற்றும், முனை அசையாது. அல்லது சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது கிளிப்போடு மேல்பாதி மட்டும் கையில் வரும்! உபயோகித்தால் கெட்டுப்போகும்படி வடிவமைத்த ஒன்றுக்குப் பெயர் பேனாவா, அலங்காரப் பொருளா?

திருகு பாகத்தின் உள்ளே என்ன பொருள், எத்தனை தடவை திருகினால் தேயும் என்றெல்லாம் கேட்கக்கூடாது. பையின்மேல் உற்பத்தி வரிசை எண்கூடப் பெரும்பாலும் இருக்காது. போன மாதம் வாங்கிய பத்தும் நன்றாக இருந்தன, இந்த மாதம் வாங்கிய பத்தில் மூன்று தளர்வு என்றால், எந்த வரிசையில் கோளாறு என்று கடைக்கும் சொல்ல வழியில்லை, வாங்கினவருக்கும் தெரிய வழியில்லை.

பெயர் விஷயம் இன்னொரு கூத்து. ஒரே ரகக் கிட், ஒரு கடையில் சியரா, இன்னொரு கடையில் கேட்ஸ்பி, வேறொன்றில் வால் ஸ்ட்ரீட். எல்லாவற்றுக்கும் 27/64 அங்குலத் துளைதான். பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் ஒன்றின் புஷ் இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே விரலில் தட்டுப்படும் ஒரு படி நின்றுவிடும். அதனால்தான் பழகினவர்கள் புஷ்ஷை நம்பாமல் ஒவ்வொரு பாகத்தையும் காலிப்பர் வைத்து அளக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அளவுகோலை நம்பாதே, நீயே அள என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் உபதேசம். வேறு எந்தப் பண்டத்திலாவது இதைச் சகித்துக்கொள்வோமா?

இனி, கடைக்காரர்கள் தரப்பில் சொல்லப்படும் பதில். "பாகத்தில் குறை இருந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோமே!" தருகிறார்கள்தான், இல்லை என்று சொல்ல முடியாது. நல்ல கடைகள் கேள்வியே கேட்காமல் அனுப்பிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அழுத்தி இறுக்கிய பேனாவைப் பிரிப்பது என்பது வீட்டுச் சுவரில் பதித்த குழாயைப் பிடுங்குவது மாதிரி. அதற்கென்று தனிக் கருவிகள் விற்கிறார்கள் (ஆமாம், அதையும் அதே கடைகள்தான் விற்கின்றன!), அதை வைத்துத் தட்டினாலும் பல நேரம் மரம் விரிந்துவிடும். கிட் நான்கு டாலர், உத்தரவாதமும் அந்த நான்கு டாலருக்கு மட்டும்தான். மூன்று வருடம் காயவைத்த வால்நட் கிளைக்கு யார் உத்தரவாதம்? அந்த மரம் ஒன்றுதானே இருந்தது? செத்துப்போன அப்பாவின் நாற்காலிக் காலிலிருந்து, இடித்த கோயிலின் உத்தரத்திலிருந்து, பழைய கப்பலின் பலகையிலிருந்து என்று ஆசை ஆசையாய் மரம் எடுத்துப் பேனா செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு "புதிய கிளிப் அனுப்பிவிட்டோம்" என்று சொல்வது ஆறுதலா?

இந்த இடத்தில் கடைகிறவர்களையும் சும்மா விடக்கூடாது. கெட்டுப்போன பேனாக்களில் கணிசமானவை கிட்டால் கெட்டவை அல்ல, கையால் கெட்டவை. ஈரம் காயாத மரத்தைக் கடைந்துவிட்டு, குளிர்காலத்தில் வீட்டில் ஹீட்டர் போட்டதும் மரம் சுருங்கி வெடித்தால் கிட் என்ன செய்யும்? மரம் சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது, நடுவில் மாட்டிக்கொண்ட மரத்துக்குப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாம்புமரம் என்று அழகான கோலம் போட்ட மரம் ஒன்று உண்டு, அது வெடிப்பதற்கே பேர் போனது. கருங்காலியை உப்புத்தாளில் சூடேறத் தேய்த்தால் அதுவும் கீறும். குழாயின் முனையைச் செங்குத்தாகச் சீவாமல் விட்டால் பாகம் சாய்ந்து உட்காரும், இடைவெளி தெரியும். குழாய்க்குள் பசை ஒட்டிக்கொண்டிருக்க, அதைச் சுரண்டாமல் பலமாக அழுத்தினால் மயிரிழைக் கீறல் விழும். அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும். இத்தனையும் செய்துவிட்டு "கிட் மட்டம்" என்று புலம்புகிறவர்களால்தான், உண்மையான புகார்களையும் கடைக்காரர்கள் கைத்தவறு என்று தள்ளிவிட முடிகிறது. கைத்தவறு எது, பொருளின் குறை எது என்று பிரித்துச் சொல்லப் பழகாதவரை இந்த வழக்கில் கடைகிறவர்கள் ஜெயிக்கப் போவதில்லை.

ஊற்றுப்பேனா கிட்களைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். நிப்பின்மேல் 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று பொறித்திருப்பார்கள். அந்த எழுத்து ஒரு கம்பெனியின் பெயர் அல்ல, தரச்சான்றும் அல்ல. அந்தப் பெயர் தாங்கிய நிப்புகளில் ஜெர்மனியைக் கண்ணால் பார்க்காதவை ஏராளம். நிஜமான ஜெர்மன் நிப்பு என்றால் ஹைடல்பர்க்கில் போக், பெர்லினில் ஜோவோ என்று பெயர் சொல்லி வாங்கலாம். கிட்டோடு வரும் நிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அதைப் போடுங்கள் என்பதுதான் எல்லோரும் தரும் முதல் யோசனை. பால்பாயிண்ட் கிட்டிலும் அப்படியே, கூட வரும் ரீஃபிலைக் குப்பையில் போட்டுவிட்டு ஷ்மிட் வாங்கிப் போடு என்பார்கள். வாங்கியதும் தூக்கி எறிய வேண்டிய பாகங்களை எதற்குப் பையில் போட்டு விற்க வேண்டும்?

"இது வெறும் பொழுதுபோக்குதானே, நான்கு டாலருக்கு வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் பொழுதுபோக்கு என்பது செய்கிறவருக்குத்தான், வாங்குகிறவருக்கு அது பேனா. 2000களில் அமெரிக்க மரவேலைக்காரர்கள் 'ஃப்ரீடம் பென்ஸ்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பேனாக்களைக் கடைந்து, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த சிப்பாய்களுக்கு அனுப்பினார்கள். போரைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, பாலைவனத்தில், வியர்வையில், மணலில், வீட்டுக்குக் கடிதம் எழுத ஒருவனுக்கு அனுப்பும் பேனாவை 'வெறும் பொழுதுபோக்கு' என்று சொல்ல முடியுமா? விலை குறைவு என்பது குறை இருப்பதற்குக் காரணமாக இருக்கலாம், குறையைச் சொல்லாமல் மறைப்பதற்குக் காரணமாக முடியாது. பத்து ரூபாய் பால்பாயிண்ட் பேனா தன்னைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்வதில்லை. மை தீரும்வரை எழுதும், அப்புறம் தூக்கிப் போடுவோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பேனாக்களைச் சந்தையில், கைவினைக் கண்காட்சியில் மேசை போட்டு விற்கிறவர்கள் நிறைய. இங்கிலாந்தில் 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரமாக விற்கும் ஒருவரின் பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. நம் நாட்டில் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தில், அடுத்தவர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பொருத்துகிறவரும் வருகிறார், அடுத்தவர் பொருளில் தன் முத்திரையைப் போடுகிறவரும் வருகிறார். கிட் வாங்கிப் பேனா செய்து, பெட்டிமேல் தன் பெயரை அச்சடித்து விற்கிறவர் இரண்டு வகையிலும் மாட்டுவார்! சட்டத்தின் கண்ணில் அந்த முலாம் பூசினவரே அவர்தான். எத்தனை மைக்ரான் என்றுகூட அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் கிட்டையே விட்டுவிடுவதுதான் வழி என்று ஒரு கூட்டம் சொல்கிறது. 'கிட்லெஸ்' என்று பெயர். ரெசின் அல்லது எபோனைட் தண்டை எடுத்து, மூடி, உடல், கழுத்து எல்லாவற்றையும் தானே கடைந்து, டேப்பும் டையும் வைத்துத் தானே மரை வெட்டி, நிப்பு மட்டும் வெளியே வாங்கிப் போடுவது. ஜோவோ ஆறாம் எண் நிப்புக்கூட்டுக்கு 7.4 மில்லிமீட்டர் விட்டம், 0.5 மில்லிமீட்டர் இடைவெளி மரை என்று அளவு பகிரங்கமாகத் தெரியும். வெட்டினால் பொருந்தும். நிப்பு கெட்டால் திருகிக் கழற்றி வேறு போடலாம். எண்ணைச் சொல்லி விற்பதற்கும் அடைமொழி சொல்லி விற்பதற்கும் இதுதான் வித்தியாசம்.

இந்தக் கூட்டம் இதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரிப் பேசுவதுதான் சிரிப்பாக இருக்கிறது. ராஜமுந்திரியில் ரத்னம் பேனாக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். 1935-ல் காந்தி நன்றிக் கடிதம் எழுதியது அவர்களுடைய பேனாவுக்குத்தான். சென்னை பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ விற்ற காமா பேனாக்களும், திருவள்ளூர் ரங்கா பேனாக்களும் இதே வழிதான். கந்தகம் சேர்த்து இறுக்கிய கடின ரப்பர் தண்டு, கையால் கடைந்த உடல், கையால் வெட்டிய மரை. உள்ளே பித்தளைக் குழாய் கிடையாது, அழுத்தி இறுக்கும் பாகமும் கிடையாது. கிளிப் வெளியில் வாங்கியதுதான், அதன் முலாமும் ஒருநாள் போகும்தான். ஆனால் உச்சியில் இருக்கும் குமிழைத் திருகினால் கிளிப் தனியாக வந்துவிடும், வேறு போட்டுத் திருகி மூடிவிடலாம். எபோனைட் வெயிலில் பழுப்பேறும், மெருகு போட்டால் திரும்பிவிடும். கெடாத பொருள் என்று அவர்களும் சொல்லவில்லை. கெட்டால் கழற்ற முடிகிற மாதிரி செய்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் கிட்டை விட்டுவிட்டு மரை வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வது, ஓட்டல் சாம்பாரில் பல்லி விழுந்தால் வீட்டில் சமைத்துக்கொள் என்று சொல்வது மாதிரி. மூன்று தலை மரை வெட்டும் டேப், டை எல்லாம் விலை அதிகம், பழகவும் நாளாகும். மரத்தில் நேரடியாக மரை வெட்டினால் நிற்பதும் கஷ்டம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு துண்டு மரத்தை அழகாக்கிப் பார்க்க ஆசைப்படும் மனிதருக்கு கிட் வேண்டும். அந்த ஆசையில் தப்பே இல்லை. தப்பு, அந்த ஆசையை வைத்து எண்கள் இல்லாத பையை விற்பதில் இருக்கிறது.

கேட்பது ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. முலாம் எத்தனை மைக்ரான், அடியில் என்ன உலோகம், இரண்டையும் பையின்மேல் அச்சடியுங்கள். ஒரு வரிசை எண் போடுங்கள். அழுத்தும் இடங்களில் மரை வையுங்கள், நாலு டாலர் கிட் ஆறு டாலர் ஆனாலும் பரவாயில்லை. திருகு பாகத்தைத் தனியாகவும் விற்றுவிடுங்கள், இன்றைக்கு மட்டுமல்ல, ஐந்து வருடம் கழித்தும் அதே அளவில். ரீஃபில் எந்த வகை என்று சொல்லுங்கள். 1954-ல் ஜாட்டர் பேனாவோடு வந்த பார்க்கர் ரீஃபில் வடிவம் இன்றைக்கும் உலகம் பூராவும் கிடைக்கிறதென்றால், அளவை மாற்றாமல் வைத்திருந்ததுதான் காரணம்.

அதுவரை கடைகிறவர் செய்யக்கூடியது, பசை பாட்டிலைத் திறக்கும் முன்னால் பையைத் திறப்பது. பாகங்களை எல்லாம் மேசையில் பரப்பி, காலிப்பரில் அளந்து, திருகு பாகத்தை ரீஃபிலோடு கையில் பிடித்து ஐம்பது தடவை திருகிப் பார்ப்பது. தளர்ந்தால் மரத்தைத் தொடாமல் பையோடு திருப்பி அனுப்பிவிடலாம், அந்த நிலையில்தான் நான்கு டாலர் உத்தரவாதம் நான்கு டாலருக்கு ஈடாகும். பேத்திக்கு என்றால் மஞ்சள் முலாம் வேண்டாம், குரோம் போடலாம். கொடுக்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில், எந்த மரம், எந்தக் கிட், எந்த ரீஃபில் என்று எழுதி, அடியில் இன்னொரு வரி: கெட்டுப்போனால் கூச்சப்படாமல் தாத்தாவிடம் கொண்டுவா.